பதினெட்டுப் புள்ளி வித்தியாசம்

வீரமுத்துவின் இடது கையில் புதிய கருவி 164 என்று காட்டியது. ஐந்து நிமிடம் கழித்து அதே கையில், மேசைமேல் இருந்த பழைய பாதரசக் கருவி 146 என்றது. இடையில் அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"பதினெட்டு," என்றான் ஜீவானந்தன், தனக்குத்தானே.

"அறுவத்தொம்பது தம்பி. பதினெட்டெல்லாம் போய் ரொம்ப நாளாச்சு," என்றார் வீரமுத்து.

தாதி திலகா வாய்விட்டுச் சிரித்தார். மலேசியாவில் ரந்தாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றின் கிளினிக்கில் அவர் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறார். தோட்டங்களில் தாதியை அழைப்பதுபோல, எல்லாருக்கும் அவர் 'மிஸ்ஸி'. ஜீவானந்தனுக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு எண்களையும் குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் பேனாவைக் கடித்துக்கொண்டு நின்றான்.

ரத்த அழுத்தக் கருவிகளை விற்பது அவன் வேலை. சிரம்பானில் அலுவலகம், நீலாயில் வாடகை அறை, வண்டியின் பின்னிருக்கை முழுக்க மாதிரிக் கருவிகள். தோட்டக் கம்பெனி ஒன்று தன் ஐந்து கிளினிக்குகளிலும் பாதரசத்தை ஒழித்துவிட்டுப் பதினான்கு புதிய கருவிகள் வாங்க முடிவு செய்திருந்தது. முதலில் கிளினிக்குக்கு ஒன்றாக இரண்டு வாரம் வைத்துப் பார்ப்பது, பிறகு கையெழுத்து. சுவாவில் வைத்த கருவிக்கும் பாதரசத்துக்கும் இரண்டு புள்ளிதான் வித்தியாசம். நீலாய்ப் பக்கத்தில் மூன்று. மற்ற இரண்டு இடங்களிலும் அப்படியே. இந்த ஒரு கிளினிக்கில் மட்டும் பன்னிரண்டு, பதினைந்து, பதினெட்டு. அதுவும் எப்போதும் புதியதுதான் கூடுதலாகக் காட்டியது. ஒரு தடவைகூடக் குறைத்துக் காட்டவில்லை.

ஐந்து கிளினிக்குகளையும் வாரம் ஒருமுறை சுற்றி வருபவர் டாக்டர் ராமகிருஷ்ணன். கையெழுத்து அவருடையது. போன வியாழக்கிழமை பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மிஸ்டர் ஜீவா, இந்த நம்பரை நம்பி நான் மாத்திரையைக் கூட்டிட்டேன்னு வைங்க. அந்த மனுஷன் மோட்டார்ல போறப்ப தலை சுத்தி விழுந்தா யாரு பதில் சொல்றது? அடுத்த வியாழன் வரைக்கும் டைம். காரணம் தெரியலைன்னா அஞ்சையும் எடுத்துட்டுப் போயிடுங்க."

இன்று திங்கள்.

பதினான்கு கருவி என்பது பெரிய விற்பனை ஒன்றும் இல்லை. ஆனால் ஜீவானந்தனின் மேனேஜர் முகுந்தன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்: இந்தத் தோட்டக் கம்பெனி கையில் வந்தால் ஜொகூர் பாருவில் காலியாக இருக்கும் இடம் அவனுக்கு. வராவிட்டால் அது சிரம்பான் அலுவலகத்திலேயே இன்னொருவருக்குப் போகும்.

ஜொகூர் பாருவில் அவன் மனைவி அனுஷியா ஆசிரியை. மாற்றல் கேட்டு இரண்டு வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறாள். மகள் மயூரி தொடக்கப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் ஜீவானந்தன் நெடுஞ்சாலையில் ஏறுவான். மூன்று மணி நேரம். சனி முழுக்க மகளோடு. ஞாயிறு மதியச் சாப்பாட்டோடு அவள் முகம் சுருங்கத் தொடங்கும், அவனுடையதும்தான்.

சனிக்கிழமைகள் அவனுக்குக் கிடைத்துக்கொண்டுதான் இருந்தன. அவன் ஏங்கியது ஒரு செவ்வாய்க்கிழமைக்கு. ஒன்றும் நடக்காத ஒரு செவ்வாய்க்கிழமை காலை. மயூரி ஒரு காலுறையைத் தேடுவாள், அனுஷியா சமையலறையிலிருந்து கத்துவாள், அவன் வண்டியை எடுத்து வாசலில் நிறுத்திக்கொண்டு ஹாரன் அடிப்பான். பள்ளிச் சீருடையில் மகளை அவன் புகைப்படத்தில்தான் பார்த்திருக்கிறான். சனிக்கிழமை யாரும் சீருடை போடுவதில்லை.

"மெஷின்காரத் தம்பி, கைய அவுத்து விடுறியா, இல்ல இப்படியே கட்டி வச்சிருவியா?" என்றார் வீரமுத்து.

ஜீவானந்தன் கைப்பட்டையைக் கழற்றினான்.

ஒரு கருவி தப்பாகக் காட்டுகிறது என்றால் காரணத்தை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வர வேண்டும். அந்த வேலை அவனுக்குப் பிடிக்கும். முதலில் பட்டையின் அளவு. பட்டை சிறிதாக இருந்தால் எண் கூடும். வீரமுத்துவின் கையை நாடாவால் அளந்தான், சரியான பட்டைதான். அடுத்து மின்கலம். மாற்றினான். பிறகு கருவியையே மாற்றினான். சுவாவில் நல்ல பிள்ளையாக இருந்த கருவியைக் கொண்டுவந்து இங்கே வைத்தான். சுவாவில் இரண்டு புள்ளி கூடக் காட்டியது இங்கே பதினாறு கூடக் காட்டியது. எதை முதலில் பார்ப்பது என்ற வரிசையையும் மாற்றினான். பாதரசம் முதலில், கருவி பிறகு. அப்படியும் கருவிதான் மேலே நின்றது.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு பெரிய மைலோ டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"தம்பி மைலோ கலக்க வந்திருக்கு," என்றார் திலகா.

"காலி டின் மிஸ்ஸி. இதுதான் இன்னிக்குப் பேஷன்ட்."

டின்னைச் சுற்றிக் கைப்பட்டையைக் கட்டினான். ஒரே குழாய் இரண்டாகப் பிரியும் சின்ன இணைப்பு ஒன்று அவனிடம் இருந்தது. அதன் ஒரு கிளையைப் பாதரசத்திலும் மறு கிளையைப் புதிய கருவியிலும் செருகினான். இப்போது ஒரே காற்று இரண்டையும் அழுத்தும். கருவி தப்பு என்றால் இங்கே தெரிந்துவிடும். காற்றடிக்கும் ரப்பர் பந்தை அமுக்கினான். பாதரசம் 200இல் நின்றது. கருவியும் 200 என்றது. 150க்கு இறக்கினான்: 150. நூற்றுக்கு: 101.

"அப்ப மெஷின் நல்லாத்தான் இருக்கு," என்றார் திலகா.

"நல்லா இருக்கு. டின்னுக்கு நல்லா இருக்கு. மனுஷனுக்குத்தான் சரியில்ல."

"எங்க ஆளுங்க டின்ன விட மோசம்னு சொல்ல வர்றீங்களா?"

வெளியே பெஞ்சில் காத்திருந்த செல்லம்மா உள்ளே எட்டிப் பார்த்தார். தோட்டத்தில் நாற்றங்கால் வேலை செய்து ஓய்வு பெற்றவர். "என்னா மிஸ்ஸி, டின்னுக்கு எவ்ளோ பிரஷரு?"

"நூத்தம்பது லா. உங்களுக்குக் கம்மிதான், கவலப்படாதீங்க."

அன்று மாலை ஐந்து மணிக்கு முகுந்தன் கூப்பிட்டார். "என்ன ஜீவா, முடிஞ்சுதா? பேசாம பாதரசம் பழசாயிடுச்சு, அதான் குறைச்சுக் காட்டுதுன்னு சொல்லிடேன். டாக்டரு வந்து டின்னுல கட்டிப் பார்க்கப் போறாரா?"

"நானே கட்டிப் பார்த்துட்டேன் சார். பாதரசம் சரியா இருக்கு."

"உனக்கு ஜேபி வேணுமா, வேணாமா?"

வேண்டும். ஜேபி என்ற ஜொகூர் பாருவில் ஒரு செவ்வாய்க்கிழமை வேண்டும். "வியாழக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு சார்," என்று மட்டும் சொன்னான்.

அடுத்த அழைப்பு அனுஷியாவுடையது, வீட்டில் பேசும் யாழ்ப்பாணத் தமிழில். "இஞ்சப்பா, உங்கட மகளின்ர முன்பல்லு விழுந்துட்டுது. பள்ளிக்கூடத்தில. கையில பொத்திக்கொண்டு வந்தவ." மயூரி திரையில் வாயைத் திறந்து ஓட்டையைக் காட்டினாள். "அப்பா, நீங்க வரும்போது புதுப் பல்லு வந்திருமா?" என்று கேட்டாள். இந்த வாரம் அவன் ஜொகூர் பாருவுக்குப் போகும் வாரம் இல்லை. "இல்லம்மா, ஓட்டைய அப்பா பாத்துட்டுத்தான் பல்லு வரும்," என்றான். அவள் நம்பினாள்.

புதன்கிழமை காலை எழுந்ததும், வேறு ஒன்றும் தோன்றாமல், தன் கையிலேயே பட்டையைக் கட்டினான். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து பொத்தானை அமுக்கினான். 119. மூன்று தடவை பார்த்தான். 119, 117, 120. சீரான உடம்பு. அதே கருவியை எடுத்துக்கொண்டு ரந்தாவுக்கு ஓட்டினான்.

"மிஸ்ஸி, இன்னிக்கு நான்தான் பேஷன்ட். எல்லாருக்கும் எப்படிப் பார்ப்பீங்களோ அப்படியே பாருங்க. ஒண்ணும் மாத்தாதீங்க."

"உக்காருங்க." திலகா அவன் கையை மேசைமேல் வைத்தார், இதயத்தின் உயரத்துக்குத்தான் வைத்தார். பட்டையை இறுக்கமும் இல்லாமல் தளர்வும் இல்லாமல் சுற்றினார். பொத்தானை அமுக்கினார். அவர் கைவேலையில் குறை சொல்ல எதுவுமே இல்லை. பட்டை உப்பத் தொடங்கியதும் முகத்தைப் பார்த்துக் கேட்டார்:

"சாப்டாச்சா?"

"ரொட்டி சானாய் சாப்ட்டேன்."

"தனியாவா? பாவம். பொண்ணு எப்படி இருக்கு? என்ன பேரு சொன்னீங்க?"

"மயூரி. நேத்துதான் முன்பல்லு விழுந்துச்சு. ஸ்கூல்லயே. யாருகிட்டயும் குடுக்காம கையிலயே வச்சிட்டு வந்திருக்கா. போன்லதான் பார்த்தேன் மிஸ்ஸி. நான் போறதுக்குள்ள..."

அவன் பேசிக்கொண்டே போனான். யாரும் கேட்டு அவன் இதையெல்லாம் சொல்லி ரொம்ப நாளாகியிருந்தது. கருவி பீப் என்றது.

143.

இருவரும் எண்ணைப் பார்த்தார்கள். "காலையில நூத்திப் பத்தொம்பது," என்றான் ஜீவானந்தன். "இதே மெஷின்."

"ரோட்டுல லோரிக்காரனோட சண்ட போட்டீங்களா?"

"இல்லியே. சரி, அஞ்சு நிமிஷம் கழிச்சுப் பாதரசத்துல பாருங்க."

ஐந்து நிமிடம் கழித்து திலகா பழைய பட்டையைக் கட்டினார். ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டினார். "அப்ப, அவங்கம்மா என்னா சொன்னாங்க, பல்லு..." என்று தொடங்கியவர், குமிழை அவன் முழங்கையின் மடிப்பில் வைத்ததும் பாதியில் நிறுத்தி, ஒரு விரலை உதட்டில் வைத்தார். பந்தை அமுக்கினார். பாதரசம் ஏறியது. அறையில் மின்விசிறியின் சத்தம் மட்டும். தூரத்தில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று மேடேறிக்கொண்டிருந்தது. பாதரசம் மெல்ல மெல்ல இறங்கியது.

"நூத்தி இருவது," என்றார் திலகா, ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றியபடி. "என்னா அப்படிப் பாக்குறீங்க?"

"ஏன் மிஸ்ஸி பேச்ச நிறுத்துனீங்க?"

"பேசுனா எப்படித் தம்பி சத்தம் கேக்கும்?"

ஜீவானந்தன் எழுந்தான். பட்டை கையிலேயே தொங்கியது. பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னான்: "அதான்! அதேதான் மிஸ்ஸி!"

திலகாவை உட்கார வைத்து விளக்கினான். பாதரசத்தில் அளப்பது தாதியின் காது. பட்டை ரத்தக்குழாயை நெருக்கி அடைக்கிறது. காற்றை விடும்போது, ரத்தம் முதல் தடவை பீறிட்டுக் கடக்கும் இடத்தில் 'டப்' என்று ஒரு சத்தம். அது மேல் எண். சத்தம் அடங்கும் இடம் கீழ் எண். அந்த டப்பைக் கேட்க அறை அமைதியாக இருக்க வேண்டும். அதனால் இருபத்தாறு வருடமாக, யாரும் சொல்லாமலே, அந்த ஒரு நிமிடம் இந்தக் கிளினிக்கில் எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள்.

புதிய கருவிக்குக் காது இல்லை. ரத்தம் துடிக்கும்போது பட்டைக்குள் இருக்கும் காற்று லேசாக அதிர்கிறது. அந்த அதிர்வைத் தொட்டுப் பார்த்து, எங்கே தொடங்குகிறது, எங்கே உச்சம், எங்கே அடங்குகிறது என்று அது தானே கணித்துவிடும். சத்தம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. தாதியின் காதும் வாயும் விடுதலை ஆகிவிட்டன. திலகா என்ன செய்வார்? எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதரின் மகனைப் பற்றிக் கேட்பார். அவரும் சொல்வார். பேசினால் மூச்சு மாறும், மார்பும் கையும் இறுகும், இதயம் கொஞ்சம் வேகமெடுக்கும். பத்துப் புள்ளி ஏறும். மனதுக்கு நெருங்கியவர்களைப் பற்றிப் பேசினால் அதற்கு மேலும் ஏறும்.

"கருவி பொய் சொல்லல மிஸ்ஸி. அந்த நிமிஷத்துல அவ்வளவுதான் இருந்துச்சு. நாமதான் தப்பான நிமிஷத்துல அளந்தோம்."

"அப்ப சுவாவுல மட்டும் எப்படிச் சரியா வந்துச்சு?"

"அங்க மிஸ்ஸி பட்டையக் கட்டிட்டு மருந்து எண்ணப் போயிருவாங்க. பேஷன்ட் செவரப் பாத்துட்டு உக்காந்திருப்பாரு."

திலகா அவன் கையில் தொங்கிய பட்டையைக் கழற்றிச் சுருட்டினார். "வீரமுத்துக்கு மகன் சிங்கப்பூர்ல," என்றார். "மாசம் ஒரு தடவதான் போன். அந்த மனுஷன் கேக்க ஆளில்லாமதான் பாதி நாளு இங்க வராரு. வாய மூடிக்கிட்டு மெஷின மாட்டுன்னா எப்படித் தம்பி? நீங்க சிலோன்காரங்க, எண்ணி எண்ணிப் பேசுவீங்க. எங்களுக்கு முடியாது லா."

சற்று முன்னால் மகளின் பல்லைப் பற்றி அவரிடம் கொட்டித் தீர்த்தது அவன்தானே. அந்த 143 அவனுக்கு வருத்தமாக இல்லை. உள்ளே இருப்பதை யாரோ ஒரு தடவை அளந்து சொன்னதுபோல இருந்தது. கேட்பதை நிறுத்தச் சொன்னால் கருவி சரியாகிவிடும், கிளினிக் வீணாகிவிடும்.

"நிறுத்த வேணாம் மிஸ்ஸி," என்றான். "தள்ளிப் போடலாம்."

செல்லம்மாவை உள்ளே கூப்பிட்டார்கள். ஐந்து நிமிடம் சும்மா சாய்ந்து உட்காரச் சொன்னார்கள். செல்லம்மாவுக்குச் சும்மா இருந்து பழக்கமில்லை.

"என்னா மிஸ்ஸி, கோவமா? நான் என்ன பண்ணேன்?"

திலகா விரலை உதட்டில் வைத்தார்.

"யாராச்சும் செத்துட்டாங்களா?"

"அத்த, ரெண்டு நிமிஷம் வாய மூடுங்களேன்!"

செல்லம்மா வாயை மூடினார். கண்ணால் ஜீவானந்தனை முறைத்தார். கருவி 138. பாதரசம் 136. பட்டை கழன்றதும் திலகா நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "இப்ப சொல்லுங்க, பேத்தி நீலாய்ல பரீட்ச எழுதிட்டாளா?" என்றார். செல்லம்மா சொல்லத் தொடங்கினார். அது பத்து நிமிடம் ஓடியது. பெஞ்சில் இருந்தவர்கள் யாரும் அவசரப்படவில்லை.

வியாழக்கிழமை டாக்டர் ராமகிருஷ்ணன் வந்தார். பன்னிரண்டு பேருக்கு இரண்டு கருவியிலும் பார்க்கச் சொல்லிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். ஜீவானந்தன் சுவரோரம் நின்றான். ஒவ்வொரு பீப்புக்கும் அவனுக்கு ஜொகூர் பாரு வீட்டின் வாசல் கொஞ்சம் கிட்டே வந்தது. வித்தியாசம் இரண்டு, மூன்று, ஒன்று, நான்கு. கடைசியாக வீரமுத்து. கருவி 147, பாதரசம் 145.

"எங்க பாட்டன் காலத்துல ஆபீஸ் கணக்கெழுதுற சிலோன்காரக் கிராணி வந்து பேரெழுதுனாரு, வாயத் தொறந்தா திட்டுவாரு," என்றார் வீரமுத்து, சட்டைக் கையை இறக்கிவிட்டபடி. "இப்ப நீ வந்து வாய மூடச் சொல்ற."

"ரெண்டே நிமிஷம்தான் ஐயா."

"மகன் நேத்து போன் பண்ணான், மிஸ்ஸி. தீபாவளிக்கு வரானாம்." அவர் அதை உள்ளே வந்ததிலிருந்து அடக்கி வைத்திருந்திருக்கிறார். திலகா நாற்காலியை இழுத்துப் போட்டார்.

டாக்டர் கையெழுத்துப் போட்டார். அரை மணி நேரத்தில் முகுந்தனின் குறுஞ்செய்தி வந்தது: ஜனவரி முதல் ஜேபி. இன்னும் நான்கு மாதம். வண்டியில் உட்கார்ந்து ஜீவானந்தன் அதை அனுஷியாவுக்கு அனுப்பினான். அவள் வகுப்பில் இருப்பாள்; பார்க்க மதியம் ஆகும். ஜனவரியின் முதல் செவ்வாய்க்கிழமை எந்தத் தேதி என்று கைப்பேசியில் தேடிப் பார்த்தான். அதுவரை எட்டு வெள்ளிக்கிழமைகள் நெடுஞ்சாலை இருக்கிறது. மயூரிக்குப் பல் முளைத்துவிடும்.

டாக்டர் வண்டிக் கண்ணாடியைத் தட்டினார். "காரணத்த நீங்க எழுதித் தரலியே. பதினாலு மெஷின் அஞ்சு கிளினிக்குக்குப் போகுது. அங்கயும் மிஸ்ஸிங்க பேசத்தான் செய்வாங்க."

ஜீவானந்தன் பின்னிருக்கையிலிருந்து கெட்டி அட்டை ஒன்றை எடுத்தான். கருவியின் மேல்பக்கம் ஒட்டும் அளவுக்கு வெட்டி, மடியில் வைத்து எழுதினான். தமிழில் முதலில், மலாயில் பிறகு எழுதிக்கொள்ளலாம்.

'நோயாளி ஐந்து நிமிடம் முதுகு சாய்ந்து சும்மா உட்காரட்டும். பட்டையைக் கட்டிப் பொத்தானை அமுக்கிய பிறகு, எண் வரும்வரை தாதியும் பேசக் கூடாது, நோயாளியும் பேசக் கூடாது. எண்ணை எழுதிப் பட்டையைக் கழற்றிய பிறகு, வீட்டில் எல்லாரும் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்கவும்.'